சவுட்டு, பிடி

பெல்வின் கொண்டுவந்த தாளில்
'சீஸ்' என்று போட்டிருந்தது.
இடது பின்சக்கரத்தைக் காட்டினேன்:
அது நீ வர முந்தியே ஆயாச்சு, தம்பி.

குளச்சலில், குருசடிக்குப் பின்னால்,
கடல்காற்றுக்கு நேர் எதிரே
ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு
மூன்று மாதம் நிறுத்தியிருந்தேன்.
திருவனந்தபுரம் ஏர்போர்ட் சவாரிகள்
ஒவ்வொன்றாய் வேறு வண்டி ஏறிப் போயின.
காலிப்பருக்குள் உப்பு குடிவந்தது,
அட்வான்ஸ் தராமல்.

இழுவை வண்டி கூப்பிட்டா
நாலாயிரம் எஞ் சம்பளத்துல பிடிப்பாவ, என்றான்.

எல்லாரும் எதையாவது பிடிக்கிறார்கள்.
பிடிக்கிற நேரத்தில் பிடித்து
விடுகிற நேரத்தில் விட
எனக்குத் தெரிந்து இருந்தது
இந்த உள்ளங்கை அகல இரும்பு ஒன்றுதான்.
அதுவும் கெட்டுக் கிடக்கிறது.

சரி, சட்டையைக் கழற்று, என்றேன்.

முன்சக்கரங்களுக்குக் கருங்கல் அடை.
ஜாக்கி. சக்கரம்.
கொக்கியிலிருந்து ஹேண்ட் பிரேக் கம்பி.
பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானருக்கு
மேல் போல்ட் வந்தது, கீழ் போல்ட் வரவில்லை.
மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்த நேரத்தில் சொன்னான்,
போன வாரம் கருங்கலில் ஒருத்தி
ஸ்கூட்டர் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு
இனி எடுத்துக்கோ என்றாளாம்.
நான் சிரித்தேன். கொஞ்சம் தள்ளி அவனும்.
போல்ட் வந்தது.

முன்சக்கரத்துப் பிஸ்டன்
அழுத்தினால் உள்ளே போகும்.
பின்சக்கரத்தது அப்படியில்லை.
திருகிக்கொண்டே அழுத்த வேண்டும்.
வெறும் அழுத்தத்துக்கு மசியாது.
அவன் ஆபீசுக்கு இதை யாரும் சொல்லவில்லை போல.

துரு சுரண்டி, ரப்பர் மாற்றினேன்.
மார்த்தாண்டத்தில் அந்தக் கிட் வாங்கிய நாளில்
சவாரி இருந்தது, மாட்ட நேரமில்லை.
ஹோஸ் முறுக்கி, காலிப்பரை ஏற்றி,
அவனை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன்.
ஏறும்போது செருப்பைக் கழற்றினான்.

சவுட்டு.
இன்னொண்ணு. இன்னொண்ணு.
பிடி.
நான் சொல்லாம விட்டிராத, கேட்டியா.

நிப்பிளைக் கால் திருப்பு திறந்தேன்.
கட்டன்சாயா நிறத்தில்
பழைய எண்ணெய் குழாய் வழியே பாட்டிலுக்கு,
கூடவே காற்று, கொப்புளம் கொப்புளமாய்.
மேலே அவன் கால் தரைக்கு இறங்குவது
கீழே என் விரலுக்குத் தெரிந்தது.
மூடினேன்.
விடு.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை.
நடுவே அவன் போன் அடித்தது. ஆபீஸ்.
நிப்பிள் திறந்திருந்தது.
அடித்து, நின்று, மறுபடி அடித்தது.
கால் அசையவில்லை.

கொப்புளம் உளுந்தாயிற்று, கடுகாயிற்று,
பிறகு ஒன்றுமில்லை,
வெளிறிய புது எண்ணெய் மட்டும்.
மிதி கல்லு மாதிரி இருக்குண்ணே.
அதான் வேணும்.

நட்டை எதிரெதிராக முறுக்கும்போது பார்த்தேன்,
மட்கார்டில் ரெண்டு சொட்டு.
பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும்.
இனி யார் பெயிண்டோ.
ஆனாலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

'வண்டியின் நிலை' என்ற கட்டத்தில்
நல்லது என்று எழுதினான்.
என்னைப் பார்த்துவிட்டு
முன்னால் ஒரு 'மிக' சேர்த்தான்.
கிட்டுக்குக் காசு தரட்டா என்றான்.
வேண்டாம் என்றேன்.
பிறகு வாங்கிக்கொண்டேன்.

சாவி, ஆர்.சி. புக், கண்ணாடியில் தொங்கிய செபமாலை.
செபமாலையைத் திருப்பித் தந்தான்.

மார்க்கெட் ரோட்டுத் திருப்பத்தில்
ஒரு ஆடு குறுக்கே வந்தது.
நான் மணலில் வலது காலை ஊன்றிச் சவுட்டினேன்.
பிடி, என்றேன்.
தூரத்தில் ரெண்டு சிவப்பு விளக்கு.
பிடித்தது.

ஆடு போய் வெகுநேரம் ஆகியும்
விடு சொல்ல
வாய் வரவில்லை.